நடுவில் படுப்பவள்

கட்டில் இருக்க, மெத்தை இருக்க, புதுத் தலையணை உறை மடிப்புக் கலையாமல் இருக்க, அந்தப் பெண் வெறுந்தரையில் படுத்திருந்தாள்.

பால் வாங்கப் பாத்திரத்தோடு கிளம்பிய ரோஹிணி, போகிறபோக்கில் பிள்ளைகள் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்தச் சுவரோரம் ஒரு கட்டில், அந்தச் சுவரோரம் ஒரு கட்டில். ஒன்றில் அவள் மகள் பிரித்திகா வாய் லேசாகத் திறந்திருக்க நல்ல தூக்கத்தில் இருந்தாள். மற்றது காலி. இரண்டுக்கும் நடுவிலிருந்த சிமெண்டுத் தரையில், நேற்றுச் சாயங்காலம்தான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மோனிகா ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் பிரித்திகாவின் பக்கம். ஒரு கை மேலே நீண்டு பிரித்திகாவின் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. தூக்கத்தில் பிடித்த பிடியாக அது தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நிற்பவர்கள் கம்பியைப் பிடிப்பார்களே, அந்தப் பிடி.

ரோஹிணி பயந்துதான் போனாள். ஆனால் அது வேறு பயம். வெங்கடலட்சுமி மேடம் இதைப் பார்த்திருந்தால் என்ன ஆகும் என்கிற பயம்.

வெங்கடலட்சுமி சித்தூரிலிருந்து வருகிற குழந்தைகள் நல அதிகாரி. பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை இல்லத்திலிருந்து குடும்பங்களில் கொண்டுவந்து விட்டு, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வந்து வந்து பார்ப்பது அவர் வேலை. மோனிகாவை விடுவதற்கு முன்னால் இந்த அறையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். கட்டில்களைத் தானே இழுத்துத் தள்ளிப் போட்டு, நடுவில் நடக்க வழி விட்டார்.

"சூடம்மா, இங்க பாருங்க, ஒரே ரூம்ல ரெண்டு பொம்பள பசங்க படுக்கலாம், தப்பில்ல. ஒரே கட்டில்ல கூடாது. ஒவ்வொருத்திக்கும் தனி கட்டில், தனி போர்வை. உங்க பாப்பா மேல, எங்க பாப்பா கீழன்னு எப்பனா நான் பாத்தேன்னு வெச்சுக்கோங்க, அன்னிக்கே கூட்டிகினு பூடுவேன். சரேனா?"

சரி என்று ரோஹிணி தலையாட்டினாள். ஒரே பெண், கூடப் பிறந்தவர் இல்லை, இன்னொரு பிள்ளைக்கு வழியும் இல்லை, வீட்டில் இடம் இருக்கிறது என்று தான் சொன்னதையெல்லாம் மேடம் நம்பிவிட்டார் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சொன்னது எதுவும் பொய்யில்லை. சொல்லாதது ஒன்று இருந்தது.

நகரியில் இந்த வீட்டை அவர்கள் வாங்கி வந்த நாளிலிருந்து பிரித்திகா அந்த அறையில் தனியாகப் படுக்க மாட்டேன் என்றாள். படுக்க வைத்தால் கட்டிலின் ஓரத்தில், சுவரில் மூக்கு உரசும்படி ஒட்டிக்கொண்டு கிடந்தாள். ஏண்டி இப்படி என்றால், "எடம் கேக்கறாங்கம்மா" என்றாள். யார் கேட்கிறார்கள் என்றால் அழுதாள். அவள் புருஷன் தணிகைவேல் முன்பக்கத்துத் தறி செட்டில் ராத்திரியெல்லாம் தறி ஓட்டுகிறவன். ரோஹிணியே மகளோடு படுத்துப் படுத்துச் சலித்துப்போனாள். வயசு ஏறுகிற பெண், கூட ஒரு துணை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்கு அன்றைக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

"இன்னாம்மா, கீழ வந்து படுத்துக்கினு கீற? கட்டில் புடிக்கலியா?" என்று மோனிகாவைத் தொட்டு எழுப்பினாள்.

கண்ணைத் திறந்த வேகத்தில் அந்தப் பெண் தூங்கவே இல்லை என்று தெரிந்தது. கன்னத்தில் சிமெண்டுச் சொரசொரப்பு பதிந்திருந்தது.

"புடிச்சிக்கீது பெரிம்மா. தெரியாம உருண்டுட்டேன்."

காலிக் கட்டிலில் போர்வை நேற்று மடித்து வைத்தபடியே இருந்தது. ரோஹிணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டாள்.

மோனிகாவுக்குப் பத்து வயது இருக்கும். கார்வேட்டிநகரத்துப் பக்கத்துப் பெண். விவரம் தெரிவதற்கு முன்பே திருப்பதி இல்லத்துக்குப் போய்விட்டவள். தெலுங்கில் பாட்டுப் பாடுவாள், தமிழில் சண்டை போடுவாள். தயிர்சோற்றில் மிக்சரைக் கொட்டிப் பிசைந்து தின்பாள். அவள் வந்த பிறகு பிரித்திகா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். இல்லத்தில் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்களாம், கதவோரம் படுக்க எல்லோருக்கும் பயமாம், அங்கே எப்போதும் படுப்பது இவள்தானாம். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

பிரித்திகா தூங்கினாள். அதுதான் பெரிய விஷயம். போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, கட்டில் முழுக்கக் கை காலைப் பரப்பிக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாத பிள்ளைகள் தூங்குகிற மாதிரி தூங்கினாள். அதைக் கதவோரம் நின்று பார்க்கும்போது ரோஹிணிக்குக் கண் நிறைந்தது. நடுத்தரையில் கிடக்கிற இன்னொரு பெண்ணைப் பார்க்காமல் இருக்க அவள் மெல்லப் பழகிக்கொண்டாள். காலையில் மட்டும் யாராவது வருவதற்குள் எழுப்பி, கட்டிலில் உட்காரவைத்து, போர்வையை உதறிக் கலைத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுதான் மோனிகாவின் முதுகைப் பார்த்தாள். தோள் எலும்புகளுக்கு நடுவிலிருந்து இடுப்பு வரைக்கும் தோல் வெளுத்து, சுருங்கி, நாளெல்லாம் தண்ணீரில் துணி அலசியவளின் விரல்நுனி போல இருந்தது. தொட்டால் ஜில்லென்றது. வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றியும் அந்த இடம் சூடேறவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்ல பெரிம்மா. மரத்துக்கீது."

ரோஹிணி தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகத் தடவி விட்டாள்.

நகரியில் ராத்திரி என்றாலே சத்தம்தான். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு விசைத்தறி. நூலைக் கொண்டுபோகிற நாடாக்கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டு ஓடுகிற சத்தம் சுவர் வழியாக, தரை வழியாக, கட்டில் கால் வழியாக ஏறி உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தூக்கம் போய்விடும்; உள்ளூர்க்காரர்களுக்கு அது நின்றால்தான் தூக்கம் போகும். மழை தொடங்கிய ஒருநாள் கரண்ட் போனது. ஊரிலிருந்த அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. ரோஹிணி விழித்துக்கொண்டாள்.

கூடத்தில் கும்மிருட்டு. முன்பக்கத்தில் தணிகைவேல் கரண்ட் ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கிப் போவது கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. செட்டின் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது, எங்கேயோ நாய் உடம்பை உதறிக்கொள்வது, நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை, அதற்கு அடியில் வேறு ஒரு வாடை, ரொம்ப நாள் மூடிக்கிடந்த மண்ணைக் கிளறினால் வருமே அந்த வாடை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியாகப் பிள்ளைகள் அறையிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது.

பிரித்திகாவின் மூச்சு அவளுக்குத் தெரியும். மூக்கில் மெல்லிய விசில் அடிக்கும். இன்னொன்று சின்னச்சின்னதாக, அவசர அவசரமாக வந்தது. அது மோனிகா. தூங்குகிறவள் விடுகிற மூச்சு இல்லை.

மூன்றாவதாக ஒன்று இருந்தது.

அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நீளமாக. ஈரமாக. ரோஹிணி அது வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள். தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு மூச்சு முட்டியது. அது இன்னும் உள்ளேதான் இழுத்துக்கொண்டிருந்தது.

எப்படி எழுந்து கதவு வரைக்கும் போனாள் என்று அவளுக்கே தெரியாது. போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். மோனிகா பிரித்திகாவின் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் காலியாக இருந்தது. அங்கே யாரும் இல்லை. வெளிச்சம் நேராகச் சிமெண்டில்தான் விழுந்தது. ஆனால் மோனிகாவின் பின்னல் அந்தக் காலி இடத்தில் தளர்ந்து கிடக்கவில்லை. கயிறு போல விறைத்து, தரையோடு அழுந்தி இருந்தது. அதன்மேல் யாரோ படுத்திருக்கிறார்கள். மோனிகாவால் தலையைத் தூக்க முடியவில்லை.

அவள் ரோஹிணியைப் பார்த்து, அசைக்க முடிந்த அளவுக்குத் தலையை மெல்ல அசைத்தாள். வராதீங்க.

கரண்ட் வந்தது. ஊர் முழுக்கத் தறிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எழுந்தன. பின்னல் நழுவித் தளர்ந்தது. பிரித்திகா தூக்கத்தில் எதற்கோ சிரித்தாள்.

ரோஹிணி திரும்பிவந்து படுத்துக்கொண்டாள். காதைப் பொத்திக்கொண்டாள். மகள் தூங்குகிறாள், என் மகள் தூங்குகிறாள் என்று விடியும்வரை தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தூறல் ஓய்ந்த நேரத்தில் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது மோனிகாவிடம் கேட்டாள். "ராத்திரி இன்னா அது?"

மோனிகா கையிலிருந்த கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "பெரிம்மாவுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"அதுக்கோசரம்தான் என்ன கூட்டிகினு வந்தீங்கன்னு நெனச்சேன்." குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "அது நடுவுல வருது பெரிம்மா. பாப்பா பக்கத்துல எடம் இருந்தா அங்க படுத்துக்குது. நான் படுத்தா எனக்குப் பின்னால படுத்துக்குது. அவ்ளோதான். வேற ஒண்ணும் செய்யல."

"வாய மூடு. பாப்பா கிட்ட இதெல்லாம் சொல்லி வெக்காத."

"சொல்ல மாட்டேன்."

அன்றைக்குச் சாப்பாட்டில் மோனிகாவின் தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். மோனிகா அதைப் பாதியாக்கிப் பிரித்திகாவுக்குக் கொடுத்தாள். ரோஹிணியால் அங்கே உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மழை விடவே இல்லை. மோனிகா இளைத்தாள். கண்ணுக்கடியில் கருத்தது. பள்ளியில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். ஒரு மத்தியானம் காய்ச்சலோடு கூடத்தில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் வெங்கடலட்சுமி வந்துவிட்டார். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர், சட்டை விலகித் தெரிந்த முதுகைப் பார்த்தார். குனிந்து தொட்டார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? தண்ணில போட்டு வெச்ச மாதிரி கீது?"

மேடம் மோனிகாவை எழுப்பி மடியில் சாய்த்துக்கொண்டார். "பயப்படாத தல்லி, என் கண்ணு. இவங்க உன்ன ஈரத் தரைல படுக்க வெக்கிறாங்களா?"

"இல்ல மேடம். நானேதான் படுக்கறேன்."

"நானேதான் படுக்கறேன்னு சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம். கட்டில் நல்லா கீது. பெரிம்மா நல்லவங்க. என்னக் கூட்டிகினு போவாதீங்க."

அதற்குமேல் மேடத்தின் முகத்தை ரோஹிணியால் பார்க்க முடியவில்லை. போலீஸ் வரும், தெருவே வேடிக்கை பார்க்கும், என் மகளையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று மனசு கன்னாபின்னாவென்று ஓடியது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினால் இன்னும் மோசம். தெரிந்தே செய்தாள் என்று ஆகிவிடும்.

"கூட்டிகினு பூடுங்க மேடம்," என்றாள். "இங்க ஒத்து வர்ல. எம் பொண்ணு பயப்படுது இவளப் பாத்து."

தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. மோனிகா அழவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, ஒரு பெரிய மனுஷி வீட்டு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிற மாதிரி கேட்டாள்.

"இன்னிக்கு ராத்திரி யாரு படுப்பாங்க பெரிம்மா?"

அன்றைக்கு மூவரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். பிரித்திகா நடுவில், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நைனா. தணிகைவேல் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். மகளின் வயிற்றின்மேல் கையைப் போட்டுக்கொண்டுதான் ரோஹிணி கண்ணயர்ந்தாள். குளிரில் விழித்துப் பார்த்தால் தான் பாயிலேயே இல்லை. வெறுந்தரையில் கிடந்தாள். அகலப் பாய். அந்த ஓரத்தில் தணிகைவேலின் முதுகோடு பிரித்திகா நசுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். இந்த ஓரம் முழுக்கக் காலி. காலியாக இருந்த இடத்தில் கையை வைத்தாள்.

பாய் பள்ளமாக இருந்தது.

"நீ நிம்மதியா தூங்கறதில்ல, அதான் கண்டதும் தோணுது," என்றான் தணிகைவேல், நாலைந்து ராத்திரி இப்படியே கழிந்தபின் அவள் சொன்னதைக் கேட்டு. கெட்டவன் இல்லை, மனைவியை அதட்டிப் பேசாதவன். "அந்த ரூம்ல நாம வாங்கறதுக்கு முந்தி, குழில கால வுட்டு நெய்யற குழித்தறி இருந்திச்சாம். குழிய மண்ணப் போட்டு மூடிக் கீறாங்க. மழைக்கு ஊறுது. ஓதம். வேற ஒண்ணுமில்ல. நானே இன்னிக்கு அங்க படுக்கறேன், பாத்துக்க."

ரெண்டு கட்டிலுக்கும் நடுவே தலையணையைப் போட்டு அவன் படுத்தான். மகளைப் பார்த்துக் கண்ணடித்தான். ரோஹிணி கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசந்துவிட்டாள் போலிருக்கிறது. அவளை எழுப்பியது தறிச் சத்தம். பக்கத்து வீட்டுத் தறி இல்லை, அவர்களுடையது. ஆனால் சத்தத்தில் ஏதோ குறைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள்.

செட்டில் எல்லா விளக்கும் எரிந்தன. தணிகைவேல் தறிக்கு முன்னால் நின்றிருந்தான். பாவு இல்லை, நூல் இல்லை, துணி இல்லை. வெறும் தறி ஓடிக்கொண்டிருந்தது. நாடா ஒன்றுமில்லாத இடத்தில் போய்ப் போய் வந்தது. அவன் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"ன்னாங்க," என்று தொட்டாள்.

அவன் திரும்பவில்லை. "என்னால ஆவாது ரோஹிணி," என்றான். "சத்தம் நிக்கக்கூடாது. சத்தம் நின்னா கேக்குது." பொழுது நன்றாக விடிந்தபிறகும் தறியை நிறுத்தவிடவில்லை.

ரோஹிணி மகளை இழுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள். மோனிகாவைத் திருப்பிக் கேட்பது, காலில் விழுந்தாவது கேட்பது. அது ஒன்றுதான் அப்போது அவள் புத்தியில் இருந்தது. மூன்று பேர் சீட்டில் பிரித்திகா ஜன்னலோரம், அவள் இந்த ஓரம்.

"தள்ளி வந்து ஒக்காரு பாப்பா. இன்னாத்துக்கு ஜன்னல்ல ஒட்டிக்கினு?"

"எடம் இல்லம்மா."

புத்தூரில் கூட்டம் ஏறியது. நிற்க வழியில்லாமல் ஜனம் நெருக்கியது. கைக்குழந்தையோடு ஒருத்தி, "கொஞ்சம் ஜருகம்மா," என்று தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டே அவர்களுக்கு நடுவில் உட்காரக் குனிந்தாள். பாதி குனிந்தவள் நின்றாள். அந்த இடத்தையே பார்த்தாள். அவள் கைக்குழந்தையும் அந்த இடத்தையே பார்த்தது. பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்பக்கம் போய்விட்டாள். பட்டப்பகல். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ரேணிகுண்டா தாண்டித் திருப்பதி வரும்வரைக்கும் எத்தனையோ பேர் வந்து அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

இல்லத்தின் வாசலில் வெங்கடலட்சுமியே இருந்தார். ரோஹிணியின் கலைந்த தலையையும் கட்டியிருந்த கசங்கின புடவையையும் பார்த்து அவர் கோபம் கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும்.

"வந்த நாள்லேர்ந்து தூங்கிகினே கீதும்மா அந்தப் பாப்பா. எத்தன நாள் தூக்கமோ. உனக்கு இப்போ இன்னா வேணும்?"

"அவள எங்கூட அனுப்புங்க மேடம். ஒரு வாட்டி. இனிமே கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்."

"நான் அனுப்ப முடியாது. கமிட்டி இருக்கு. அதுக்கும் மேல, பாப்பா வரேன்னு சொல்லணும்."

மோனிகாவைக் கூப்பிட்டார்கள். தூக்கக் கலக்கத்தோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இந்தக் கொஞ்ச நாளிலேயே கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. ரோஹிணியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள், பிரித்திகாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரித்திகாவுக்குப் பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே போனாள். துணிப்பையோடு திரும்பி வந்தாள்.

"வாங்க பெரிம்மா. இருட்டறதுக்குள்ள போவணும்."

பையை மாட்டிக்கொள்ள அவள் திரும்பியபோது சட்டைக் கழுத்து இறங்கி முதுகு தெரிந்தது. வெளுத்த தோல் உரிந்துகொண்டிருந்தது. அதனடியில் புதுத்தோல், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போல ரோஸ் நிறத்தில், கிளம்பி வந்துகொண்டிருந்தது.

ரோஹிணி அந்த முதுகையே பார்த்தாள். இந்தப் பெண்ணை முதல்முதலில் வாங்கிக்கொண்டு போனபோது தான் என்ன கேட்டோம் என்பதும், இப்போது வந்து என்ன கேட்கிறோம் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தரையில் மண்டியிட்டு மோனிகாவின் தோளிலிருந்த பையைக் கழற்றினாள்.

"வேணாம் கண்ணு. நீ இங்கியே இரு. நல்லா துன்னு. நல்லா தூங்கு."

"அப்ப பாப்பா?"

"நான் கீறேன்."

மோனிகா அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம். ஒரு குழந்தை தன்மேல் இரக்கப்படுவதைத் தாங்க முடியாமல் ரோஹிணி எழுந்து நடந்துவிட்டாள். கேட்டைத் தாண்டும்வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செட்டில் வெறும் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிரித்திகா பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள் போல, நேராகத் தன் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் ஒட்டிப் படுத்தாள்.

"கூடத்துல வேணாம்மா. இங்கன்னா இந்தப் பக்கம் செவுரு கீது. அந்தப் பக்கம் மட்டும் பாத்துக்கினா போதும்."

"நான் பாத்துக்கறேன். நீ தூங்கு."

ரோஹிணி இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் படுத்தாள். ஒருக்களித்து, மகளின் பக்கம் முகம் வைத்து, கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சிமெண்டு ஜில்லென்று புடவை வழியாக ஏறியது. தறிச் சத்தம் தரை வழியாக வந்து காதுக்குள் இரைந்தது. அதற்குள்ளே பிரித்திகாவின் மூக்கில் விசில் அடிக்கத் தொடங்கியது. தூங்கிவிட்டாள். உண்மையாகவே தூங்கிவிட்டாள்.

கரண்ட் போனது.

எல்லாம் நின்றது. முன்பக்கத்தில் தணிகைவேல் ஒருமுறை "ஐயோ" என்றான். அப்புறம் அவன் தெருவில் ஓடுகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

மண் வாடை.

முதுகுக்குப் பின்னால் தரை மெல்ல அழுந்தியது. சிமெண்டுத் தரை. அது அழுந்தியது. முடி இழுபட்டது. தலையை அசைக்க முடியவில்லை. பின்கழுத்தில் காற்று உள்ளே போவது தெரிந்தது. உள்ளே. இன்னும் உள்ளே. ரவிக்கை முதுகில் நனைய ஆரம்பித்தது.

சின்னதாக இருக்கும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு குழந்தை அளவுக்கு. அது அவள் பின்னால் காலை மடக்கிக்கொண்டு வந்து பொருந்தியது. முழங்கால்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. கால்மாட்டில் காலிக் கட்டிலின் கால் மடேர் என்று நகர்ந்தது.

மோனிகா இதோடு படுத்திருந்தாள். ஒவ்வொரு ராத்திரியும்.

அவளுடைய தோளுக்கு மேலே ஏதோ வந்தது. ஒரு கை. அது அவளைத் தொடவில்லை. அவளைத் தாண்டிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பிரித்திகாவின் கட்டில் விளிம்பில் ஏறி, போர்வையின் மடிப்பைத் தடவி, குழந்தையின் கழுத்தருகே விரல்களை விரித்தது.

ரோஹிணி சட்டத்தை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

ஈரமாக இருந்தது. பிடிக்குள் அடங்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு கீழே இழுத்தாள். இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். விடவில்லை. விடிய எவ்வளவு நேரம் இருக்கிறதென்று தெரியாது. நாளைக்கும் ராத்திரி வரும். அதற்கு மறுநாளும் வரும்.

மேலே பிரித்திகா புரண்டு படுத்தாள். கை காலைப் பரப்பிக்கொண்டாள்.

பின்னால் மூச்சு இழுப்பது நின்றது. முதல்முறையாக, மெல்ல, சூடாக, அது அவள் காதருகே வெளியே வந்தது. பிறகு அந்தக் கை, ஒவ்வொரு விரலாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டது.